கார் நிற்கிற இடத்தில் ஊர் ஆரம்பம்!

காரில் வெனிஸ் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிலானிலோ வெரோனாவிலோ ஒரு வாடகைக் கார் எடுத்தாயிற்று. சாலையின் வலப்பக்கமாக ஓட்டுவதற்கும் ஒரு மாதிரி பழகிவிட்டீர்கள். மெஸ்த்ரே என்கிற ஊர் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள், புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள்... ‘இதையா பார்க்க வந்தோம்?’ என்று மனைவி உங்களை முறைக்கிற நேரத்தில், சட்டென்று இரண்டு பக்கமும் தரை காணாமல் போய்விடுகிறது. தண்ணீர்! கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீளத்துக்கு, நேர்க்கோடு போட்டதுபோல ஒரு பாலம். இடதுபக்கம் ரயில் உங்களோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிறது. தூரத்தில் மணிக்கூண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன.

பாலம் முடிகிறது. பஸ்களும் டாக்ஸிகளும் இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு சதுக்கம். அதன் பெயர் பியாஸாலே ரோமா. பக்கத்தில், சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற சரிவுப் பாதைகளோடு பிரமாண்டமான கார் நிறுத்தம். ஏறி, நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். இதற்குமேல் உங்கள் கார் ஒரு அடி நகராது. போலீஸ் தடுக்கிறது என்பதால் அல்ல. தெருவே கிடையாது! 118 தீவுகள், 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டுகள். ஆம்புலன்ஸ் படகு, தீயணைப்பு வண்டி படகு, குப்பை லாரி படகு, கடைசியில் இடுகாட்டுக்குப் போவதும் படகு. சைக்கிளைக்கூட உள்ளே விடுவதில்லை. ‘உருட்டிக்கொண்டு போகிறேனே...’ என்றாலும் கூடாது.

வேறு இத்தாலிய நகரங்களில் கார் ஓட்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதியாகக்கூட இருக்கும். ஏனென்றால், அங்கே பழைய நகரத்தின் வாசலில் வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு வளையம் போட்ட ஒரு சின்ன போர்டு இருக்கும். ‘வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று இத்தாலியன் மொழியில் எழுதியிருப்பார்கள். நாம் கவனிக்காமல் நுழைந்துவிடுவோம். யாரும் விசில் அடிக்கமாட்டார்கள். மேலே ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிட்டு மௌனமாக இருக்கும். ஊர் திரும்பி, போட்டோக்களை எல்லோருக்கும் காட்டி முடித்து, இட்லி தோசைக்குப் பழகிய பிறகு, மாதக்கணக்கில் தாமதமாக அபராத நோட்டீஸ் வீடு தேடி வரும். ஒரே தெருவில் நாலு தடவை சுற்றியிருந்தால் நாலு நோட்டீஸ்! ஓரத்தில் நிறுத்தலாம் என்றால் அதற்கும் கலர் இருக்கிறது. நீலக் கோடு என்றால் காசு, வெள்ளை என்றால் பெரும்பாலும் இலவசம், மஞ்சள் என்றால் அது வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டது. அந்த இடத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

இத்தாலிக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய வியாதி இல்லை. ஜூலியஸ் சீஸர் காலத்துச் சட்டம் ஒன்று, ரோம் நகரத்துக்குள் பகல் நேரத்தில் பார வண்டிகள் ஓடக்கூடாது என்று தடை போட்டது. கோயில் கட்டுகிற சாமான் ஏற்றிய வண்டி மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. விளைவு, ராத்திரி முழுக்கக் கடகடவென்று வண்டிச் சத்தம். ரோமில் தூங்கவே முடியவில்லை என்று புலவர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

சரி, வெனிஸுக்கு வருவோம். அந்தப் பாலமும் அந்த பார்க்கிங்கும் அங்கே எப்படி வந்தன? அதில்தான் கதை இருக்கிறது.

வெனிஸ் உருவானதே, யாரும் சுலபமாக வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ரோமானிய சாம்ராஜ்யம் சரிந்த காலத்தில் ஹூணர்கள், அப்புறம் லொம்பார்டுகள் என்று வரிசையாகப் படையெடுத்து வர, தரையில் இருந்த ஜனங்கள் உயிர் பிழைக்கக் காயலுக்குள் ஓடினார்கள். காயல் என்றால் கடலுக்கும் தரைக்கும் நடுவே தேங்கி நிற்கிற, ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு. (நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு 13-ம் நூற்றாண்டில் வந்து, காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதிவைத்த மார்க்கோ போலோ இந்த ஊர்க்காரர்தான். அவருக்குப் பிறந்த ஊரும் காயல், வந்த ஊரும் காயல்!)

இந்தக் காயலில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். ஆனால், கப்பல் போகிற அளவுக்கு ஆழமுள்ள பாதைகள் கொஞ்சம்தான். அவற்றை மரக்கம்பங்கள் நட்டு அடையாளம் செய்திருப்பார்கள். எதிரி வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? கம்பங்களைப் பிடுங்கிவிடுவார்கள். எதிரியின் கப்பல் சேற்றில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கும். கி.பி. 810-ல் மாமன்னர் சார்லமேனின் மகன் பெப்பின் பெரும்படையோடு வந்து முட்டிப் பார்த்துவிட்டு, நடு வெனிஸைத் தொட முடியாமலே திரும்பினார். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு அந்த ஊருக்குக் கோட்டைச்சுவர் தேவைப்படவில்லை. தண்ணீரே சுவர்.

ஆரம்ப காலத்தில் ஊருக்குள் குதிரைகள்கூட நடமாடின என்றால் நம்புவீர்களா? அப்போது பாலங்கள் தட்டையான மரப்பலகைகள். பிறகு, அடியில் படகு போக வசதியாக வளைந்த கல் பாலங்கள் வந்தன. வளைவு வந்ததும் படி வந்தது. படி வந்ததும் குதிரை போயிற்று. 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடி எடுத்துவந்த நாலு வெண்கலக் குதிரைகள் மட்டும் சான் மார்க்கோ தேவாலயத்தின் மேலே ஜம்மென்று நின்றன. 1797-ல் நெப்போலியன் வந்து குடியரசையே முடித்துவைத்தபோது அவற்றையும் பாரிஸுக்கு ஓட்டிப் போய்விட்டார். 1815-ல்தான் திரும்பக் கிடைத்தன.

நெப்போலியனுக்குப் பிறகு வெனிஸ் ஆஸ்திரியர்களின் கைக்குப் போயிற்று. அவர்கள் காலத்தில்தான் முதல் பாலம் வந்தது. ரயிலுக்காக! 222 வளைவுகள். 1846 ஜனவரியில் திறந்தார்கள். அதுவரை தீவாக இருந்த ஊர் முதல் தடவையாகத் தரையோடு முடிச்சுப் போடப்பட்டது. கட்டி முடிக்கும் முன்பே, 1845-ல் வந்து பார்த்த ஆங்கிலேய எழுத்தாளர் ஜான் ரஸ்கினுக்கு வயிறு எரிந்துபோயிற்று. படகில் மெல்ல மெல்ல நெருங்கும்போது கனவுபோல விரிகிற ஊர், இனி ரயில்வே ஸ்டேஷன் வாசலாகிவிடும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். ஸ்டேஷனுக்காக சாந்தா லூசியா தேவாலயத்தை 1861-ல் இடித்தார்கள். அதற்குள்ளிருந்த புனிதையின் உடல் பக்கத்துத் தேவாலயத்துக்குக் குடிமாறியது. பெயர் மட்டும் ஸ்டேஷனுக்கு நிலைத்துவிட்டது.

பாலம் திறந்து நாலு வருஷம் முடிவதற்குள்ளேயே அதை உடைக்க வேண்டி வந்தது. உடைத்தவர்கள் வெனிஸ்காரர்கள்! 1848-ல் டானியெலே மானின் என்கிற வக்கீல் தலைமையில் புரட்சி செய்து, ஆஸ்திரியர்களை விரட்டி, மறுபடி குடியரசு அறிவித்தார்கள். ஆஸ்திரியப் படை முற்றுகையிட்டது. 1849 மே கடைசியில், தரைப்பக்கம் இருந்த மார்கெரா கோட்டையைக் கைவிட்டுப் பின்வாங்கும்போது, பாலத்தின் வளைவுகள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய கம்பம் பிடுங்குகிற புத்தி! ஆஸ்திரியர்கள் சளைக்கவில்லை. ஆளில்லாத பலூன்களில் குண்டு கட்டிப் பறக்கவிட்டார்கள். வானிலிருந்து ஒரு நகரத்தின்மீது குண்டு போட்ட முதல் முயற்சி என்று இதைத்தான் சொல்கிறார்கள். காற்று திசை மாறி, சில பலூன்கள் அனுப்பியவர்கள் பக்கமே திரும்பிப் போனதாகவும் சொல்வார்கள். பலூன் சாதிக்காததைப் பசியும் காலராவும் சாதித்தன. ஆகஸ்டில் வெனிஸ் சரணடைந்தது. பாலத்தைப் பழுது பார்த்தார்கள். 1866-ல் வெனிஸ் இத்தாலியோடு சேர்ந்தது. பாலத்தை உடைப்பது பற்றி அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. எப்படி அகலமாக்குவது என்பதுதான் பேச்சாயிற்று.

1881-ல் நீராவிப் படகு பஸ் வந்தது. ‘எங்கள் வயிற்றில் அடிக்காதே’ என்று கோண்டோலாக்காரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். வேகம் என்கிற சாமியாருக்கு வெனிஸில் பக்தர்கள் குறைவு. ஆனால், வெளியூரில் ஒருவர் இருந்தார். பெயர் மரினெட்டி. கவிஞர். பழசையெல்லாம் கொளுத்து, மோட்டார் காரும் எந்திரமும்தான் இனி அழகு என்று முழங்கிய ‘எதிர்கால’ இயக்கத்தின் தலைவர். (1908-ல் மிலான் பக்கத்தில், எதிரே வந்த சைக்கிள்காரர்களுக்கு வழிவிடப் போய்த் தன் காரைச் சாக்கடையில் இறக்கியவரும் இவரே. எழுந்து வந்து இயக்கத்தின் பிரகடனத்தை எழுதிவிட்டார்!) 1910 ஜூலையில் இவரும் சகாக்களும் சான் மார்க்கோ சதுக்கத்தின் கடிகாரக் கோபுரத்தில் ஏறி, கீழே போகிறவர்கள் தலையில் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டினார்கள். கோண்டோலாக்களை எரியுங்கள், இடிந்து விழுகிற மாளிகைகளின் கல்லையும் மண்ணையும் போட்டு நாற்றமெடுக்கும் கால்வாய்களை மூடுங்கள் என்பதுதான் சாராம்சம்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால், அந்தக் காலத்தில் அது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஐரோப்பாவின் எத்தனையோ ஊர்கள் தங்கள் கால்வாய்களை மூடித் தெருவாக்கிக்கொண்டன. வெனிஸிலேயே சின்னக் கால்வாய்கள் பலவற்றை மூடி நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த வழிகளுக்கு ‘மண் கொட்டிய கால்வாய்’ என்றுதான் பெயர்ப் பலகை. மரினெட்டியின் வழியில் இன்னும் கொஞ்சம் போயிருந்தால், இன்றைக்குச் சான் மார்க்கோ வாசலில் டாக்ஸி ஸ்டாண்ட் இருந்திருக்கும்.

அப்படி நடக்காமல் போனதற்குக் காரணம் யார் என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமானது. முஸோலினியின் ஆட்சி!

1917-ல் வோல்பி என்கிற தொழிலதிபரின் முயற்சியில், காயலின் தரையோரத்தில் மார்கெரா துறைமுகமும் தொழிற்பேட்டையும் முளைத்தன. 1926-ல் மெஸ்த்ரேயை வெனிஸ் நகராட்சியோடு சேர்த்தார்கள். வேலை தரையில், ஊர் தண்ணீரில். நடுவே சாலை வேண்டாமா? 1931-ல் எவுஜேனியோ மியோட்ஸி என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். மனிதர் ரயில் பாலத்தை ஒட்டியே சாலைப் பாலத்தைப் போட்டார். இரண்டு வருஷத்துக்குள் முடித்தும் விட்டார். திறப்பு விழா 1933 ஏப்ரல் 25. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது ஊரின் காவல் தெய்வமான புனித மார்க்கின் திருநாள். வெனிஸில் ஆண்கள் தங்கள் காதலிக்கும் மனைவிக்கும் ஒரு சிவப்பு ரோஜா மொட்டுத் தருகிற நாள். பாலத்துக்கு வைத்த பெயரோ பாசிஸக் கட்சியின் சின்னத்தை ஒட்டி, ‘லித்தோரியோ பாலம்’.

மியோட்ஸியின் உண்மையான சாமர்த்தியம் பாலத்தில் இல்லை. அது முடிகிற இடத்தில் இருக்கிறது. காரை உள்ளே விடுவதா, வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்காமல், ஊரின் மூலையில் ஒரு சதுக்கம் அமைத்தார். பாவம், அங்கிருந்த பாப்பதோபொலி தோட்டத்தின் ஒரு பகுதி காலி. 1934-ல் அதே சதுக்கத்தில் கான்க்ரீட்டில் பலமாடிக் கார் நிறுத்தம் எழுந்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. ஆயிரக்கணக்கான கார்களைச் செங்குத்தாக அடுக்கிவிடலாம். காரிலிருந்து இறங்குகிறவர் சீக்கிரம் ஊருக்குள் போக, ரியோ நோவோ என்று புதிதாக ஒரு கால்வாயையே வெட்டினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கால்வாயை மூடிச் சாலை போட்டுக்கொண்டிருந்தபோது, கார் வந்ததற்காகக் கால்வாய் வெட்டிய ஊர் வெனிஸாகத்தான் இருக்கும்.

கார் எதிரி என்றால், அந்த பார்க்கிங்தான் கோட்டைச்சுவர். என் அபிப்பிராயத்தில், வெனிஸில் எத்தனையோ அரண்மனைகள் இருந்தாலும், ஊரைக் காப்பாற்றிய கட்டடம் என்று அந்த கார் ஷெட்டைத்தான் சொல்ல வேண்டும். டூரிஸ்ட்டுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள்.

மியோட்ஸியே அத்தோடு திருப்தி அடையவில்லை என்பது வேடிக்கை. பின்னாளில், காயலைக் கடந்து ஊரின் மறுபக்கத்துக்கும் சாலை கொண்டுபோகும் திட்டங்களை வரைந்தார். நல்லவேளை, அவை காகிதத்தோடு நின்றன. 1960-களில் பாலத்தருகே த்ரோன்கெட்டோ என்ற செயற்கைத் தீவை உண்டாக்கினார்கள். அங்கே இன்னொரு ராட்சச பார்க்கிங். அங்கிருந்து காரையே படகில் ஏற்றி லிடோ தீவுக்குக் கொண்டுபோகலாம். லிடோவில் கார், பஸ் எல்லாம் ஓடும். சான் மார்க்கோ சதுக்கத்தில் சக்கரமில்லாமல் ஓட்டியவர் ஒரே ஒருவர்தான். ‘மூன்ரேக்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வந்த ரோஜர் மூர். கோண்டோலாவையே ஹோவர்கிராஃப்ட் ஆக்கிவிட்டார்!

போர் முடிந்தது. இத்தாலியில் பாசிஸத்திலிருந்து விடுதலை பெற்ற நாளாகக் கொண்டாடப்படுவது எது தெரியுமா? 1945 ஏப்ரல் 25! பாலத்தின் பழைய பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘விடுதலைப் பாலம்’ என்று வைத்தார்கள். பொன்தே தெல்லா லிபெர்தா. இன்றைக்கும் அதே பெயர்தான்.

ஆக, காரைத் தடுத்தாயிற்று. கதை சுபம் என்று எழுந்துவிடாதீர்கள்.

பாலம் என்பது இரண்டு பக்கமும் திறந்த கதவு. 1951-ல் தண்ணீர் சூழ்ந்த பழைய வெனிஸில் வாழ்ந்தவர்கள் சுமார் 1,75,000 பேர். அதற்கப்புறம் ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். எந்தப் பக்கம்? பாலத்தைத் தாண்டி, மெஸ்த்ரேக்கு! கீழ்த்தளத்தில் ஈரம் சொட்டுகிற வீடு, நாலு மாடி படி ஏறி இறங்கும் வாழ்க்கை, ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் படகுக் கூலி, தள்ளுவண்டிக் கூலி. 1966 நவம்பர் 4-ல் கடல்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊரையே முழுக அடித்தது. அந்தப் பக்கமோ புது ஃப்ளாட், மார்கெராவில் வேலை, வாசலிலேயே கார். எந்தக் குடும்பஸ்தன் யோசிப்பான்? 1970-களில் தரைப்பக்கம் இரண்டு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் வரும் வழியில் ‘இதையா பார்க்க வந்தோம்?’ என்றீர்களே, அந்த மெஸ்த்ரேயில் இருப்பவர்களில் நிறையப் பேர் வெனிஸ்காரர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

காலியான வீடுகள் ஹோட்டலாயின. காய்கறிக் கடை முகமூடிக் கடையாயிற்று. 2008-ல் ரியால்ட்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் ஜன்னலில் எண் பலகை ஒன்று வைத்தார்கள். கிரிக்கெட் ஸ்கோர் போல. ஊரில் மிச்சமிருக்கும் குடிமக்கள் எத்தனை பேர் என்று காட்டும் பலகை! எண்ணிக்கை 60,000-க்குக் கீழே போனதும், 2009 நவம்பரில் கோண்டோலாவில் சவப்பெட்டி வைத்து வெனிஸுக்கே இறுதி ஊர்வலம் நடத்திக் காட்டினார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. காரை வாசலோடு நிறுத்தத் தெரிந்த ஊருக்கு, காரிலிருந்து இறங்கி வருகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறவர்களைத் தடுக்கவும் தெரியவில்லை.

கடைசியில் நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது. கூட்டம் அதிகமாக இருக்கும் குறிப்பிட்ட நாட்களில், ராத்தங்காமல் பகலில் வந்து போகிறவர்கள் ஆளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2025-ல், கடைசி நேரத்தில் வாங்குகிறவர்களுக்கு அது 10 யூரோ ஆனது. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் பதிவு செய்து விலக்குச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே காரில் போகிறவர்கள், பார்க்கிங் மலிவாக வேண்டுமென்றால் மெஸ்த்ரேயிலேயே நிறுத்திவிட்டு ரயிலிலோ, 2015 முதல் பாலத்தின்மீது ஓடும் ட்ராமிலோ போய்விடுங்கள். பத்து, இருபது நிமிஷம்தான். பெட்டி சின்னதாக இருக்கட்டும், பாலத்துப் படிகள் இரக்கம் காட்டாது.

அந்த நுழைவுக் கட்டணம் முதன்முதலில் அமலுக்கு வந்தது 2024-ல். தேதி? ஏப்ரல் 25!

அன்று காலை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஊழியர்கள் டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். வெனிஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ‘எங்களுக்கு வீடு கொடு, வேலை கொடு, எங்கள் ஊரை டிக்கெட் போட்டுக் காட்டும் பொருட்காட்சி ஆக்காதே’ என்பது அவர்கள் கட்சி. போலீஸோடு தள்ளுமுள்ளும் நடந்தது. அவர்கள் கூடி நின்ற இடம் சான் மார்க்கோ சதுக்கம் அல்ல. மியோட்ஸியின் கார் நிறுத்தத்துக்கு எதிரே, பியாஸாலே ரோமா.